பார்க்கிங்கில் மாட்டிய வண்டியும் நியூட்ரலுக்கு வராத மனிதர்களும்

ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவனை இதுவரை யாரும் சிரித்த முகத்தோடு கூப்பிட்டதில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் என் வண்டி நிற்கும். கெட்டுப்போன காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற நீளமான, தட்டையான வண்டி. நான் ஓட்டுவேன். தஸ்தகீர் பாய் பின்னால் இருக்கும் வின்ச்சைப் பார்த்துக்கொள்வார். இரும்புக் கயிறு மாட்டிக் காரை மேலே இழுக்கிற இயந்திரம் அது. முன்பெல்லாம் எங்களுக்குப் பெரிய தலைவலி கிடையாது. கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்கள் கைகொடுத்தால் எந்தக் காரும் உருளும். ஆட்டோமேட்டிக் கார்கள் வந்தன, எங்கள் நிம்மதி போயிற்று. பேட்டரி செத்தால் அந்த வண்டிகளின் கியர் லீவர் 'பார்க்கிங்' என்கிற நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். யானையைக் கட்டி இழுத்தாலும் சக்கரம் தேயுமே தவிர உருளாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நிறைய கார்களில் லீவருக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளே இருக்கும் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்தினால் லீவர் அசையும். காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் காரிலும் அப்படித்தான் இருக்கும். உங்களைச் சொல்லி என்ன? நீங்களும் என்னைப் போல அவஸ்தைப்படப் பிறந்தவர்கள்தானே. கேளுங்கள்.

மாப்பிள்ளை ஊர்வலம் வந்த கார்

குடியாத்தத்தில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் முகூர்த்தம். முதல் நாள் ஊர்வலத்துக்காகக் காரைச் சுற்றி சீரியல் லைட் போட்டு, பாட்டுப் போட்டு, பேட்டரியைச் சக்கையாகப் பிழிந்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் கார் மண்டபத்து கேட்டுக்கு நடுவில் செத்துக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் ரோட்டில் சமையல்காரரின் வேன், உள்ளே சுடச்சுட இட்லியும் பொங்கலும். மண்டபத்துக்குள் பசியோடு பெண் வீட்டார். "வாசல்லயே வண்டி நின்னுபோச்சே, இது நல்லதுக்கா?" என்று யாரோ ஒரு அத்தை ஆரம்பித்துவிட, இரண்டு வீட்டுக்கும் இடையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

நாங்கள் போனபோது பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படையையே திரட்டிக் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். கார் அசையவில்லை. நான் உள்ளே குனிந்து மூடியைத் தேடினேன். காணோம். காரின் சொந்தக்காரர், மாப்பிள்ளையின் சிநேகிதர், அந்த இடம் முழுக்க மரம் மாதிரி ஒரு ஸ்டிக்கரை அழகாக ஒட்டி வைத்திருந்தார். "கிழிக்காதீங்க, புதுசா ஒட்டினது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் பிளேடால் ஒரு கீறு கீறினார். மூடி தெரிந்தது.

"தள்ளாதீங்க, நான் சொன்ன பின்னாடி தள்ளுங்க" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்கு ஒத்திகை பார்க்கிற மாதிரி விளாசினார்கள். யார் காதிலும் என் குரல் விழவில்லை. லீவர் நியூட்ரலுக்கு வந்த அடுத்த நொடி, மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த அத்தனை பேரும் முன்னால் குப்புற விழ, கார் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓடி வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் முட்டி நின்றது. வாழைத்தார் பானெட் மேல் விழுந்தது. இட்லி வேன் உள்ளே போனது, கல்யாணமும் நேரத்துக்கு நடந்தது. தாய்மாமன் மட்டும் என் ஸ்க்ரூடிரைவரையும் ரோட்டில் நிற்கும் எங்கள் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாப்பா, இவ்ளோ சின்ன ஓட்டைய குத்தறதுக்கா இவ்ளோ பெரிய வண்டி எடுத்துனு வந்தீங்க?"

ஷூ கம்பெனி வாசல்

ஒரு ஷூ கம்பெனி. சென்னை துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி சரக்கோடு வெளியே வரக் காத்திருக்கிறது. கப்பலைப் பிடிக்க வேண்டும். கேட்டில் ஆர்டர் கொடுக்க வந்தவரின் விலை உயர்ந்த கார் உயிரை விட்டுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பெண்களை ஏற்றிக்கொள்ள வந்த கம்பெனி பஸ்கள் தெரு முழுக்க. எங்கள் வண்டி உள்ளே நுழையவே வழியில்லை. தெருமுனையில் நிறுத்திவிட்டு, நானும் பாயும் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். "ஒரு நிமிஷ வேலை சார்" என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே காருக்குள் தலையை விட்டேன்.

லீவரே இல்லை! ரேடியோ குமிழ் மாதிரி ஒன்று, அதைத் திருப்பினால்தான் கியராம். கைபிரேக்கும் பட்டன். மூடியும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. இந்த மாதிரி வண்டிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் உண்டு. அதற்கென்றே நாங்கள் ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டி வைத்திருக்கிறோம். மாட்டினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. பாயைப் பார்த்தேன். பாய் வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவருடைய போன் அதில்தான் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததாம். மேனேஜர் தன் கடிகாரத்தை என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். பஸ்ஸுக்காக நின்ற பெண்கள் சாப்பாட்டுப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். "ஒரு நிமிசம்னு சொன்னாரே" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கடைசியில் கன்டெய்னர் லாரியின் டிரைவரிடம் போய்க் கையேந்தினேன். லாரியில் இரண்டு பேட்டரி இருக்கும். அதில் ஒன்றைக் கழற்றி, நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து காருக்கு முன்னால் வைத்து வயர் கொடுத்தோம். கார் கண் விழித்தது. குமிழைத் திருப்பி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஓரமாகத் தள்ளிவிட்டோம். லாரிக்காரர் பேட்டரியைத் திரும்ப மாட்டினார். ஸ்டீரிங்கில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினார்.

"என் வண்டிய மறிச்ச கார எழுப்பறதுக்கு என் பேட்டரியேதான் வேணுமா? நல்லாக்குதுய்யா உங்க நியாயம்!"

ஏலகிரி வளைவு

போனில் வைத்தியம் சொல்லக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். நான் அதை ஏலகிரி மலை ரோட்டில் கற்றுக்கொண்டேன். ஒரு குடும்பம் மேலே போகும்போது வளைவுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, பாட்டைப் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்திருக்கிறது. எடுத்து முடித்தால் கார் கிளம்பவில்லை. மேலிருந்து வந்த பஸ் திரும்ப முடியாமல் ஹாரன் அடிக்கிறது. "நீங்க வர்றதுக்குள்ள பஸ்காரன் என்னை அடிச்சிடுவான். நியூட்ரல் போடறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்று அந்த வீட்டுக்காரர் கெஞ்சினார். சொன்னேன். மேட்டில் நிற்கிறது, எல்லோரையும் இறக்குங்கள், முதலில் சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள், கைபிரேக் போடுங்கள், அப்புறம்தான் மூடியைத் தொடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார்.

நாங்கள் மலையேறிப் போய்ப் பார்த்தால் கார் பின்னால் உருண்டு, பாறைப் பக்கம் இருக்கிற கால்வாயில் ஒரு சக்கரத்தை விட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் போகவில்லை. "கல்லு வெச்சீங்களா சார்?" "வெச்சேனே!" என்று காட்டினார். புது வண்டிக்குப் பூஜை போடும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அந்த அளவு. "கைபிரேக்?" "பட்டன தூக்கினேனே!" பேட்டரியே இல்லாத காரில் பட்டனை எவ்வளவு தூக்கினால் என்ன, வீட்டில் கரண்ட் போன பிறகு சுவிட்சைத் தட்டுகிற மாதிரிதான். காருக்கு வெளியே நின்றபடி உள்ளே கையை விட்டு லீவரை நகர்த்தியிருக்கிறார். கார் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், பின்சீட்டில் அவருடைய மாமியார். மூட்டுவலி, இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவரை அப்படியே விட்டிருக்கிறார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். மருமகனின் முகத்தில் ரத்தமே இல்லை. பாய் கதவைத் திறந்து அந்தம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். ஒரு சிராய்ப்புகூட இல்லை. கொஞ்ச நேரம் கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி ஓடாதுன்னு சொன்னியே மாப்ள, இப்பதான நல்லா ஓடுச்சி?"

கலவைக் களம்

கலவை என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர் மகன் லீவுக்கு வந்தவன், வயலுக்குப் போகிற வழியை அடைத்தாற்போலக் காரை நிறுத்திவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். நெல் அறுக்கிற மிஷின் வாசல்வரை வந்து நிற்கிறது. அதை ஊரில் அடுத்தடுத்த ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். இன்று விட்டால் எப்போது கிடைக்குமோ. மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. மகனுக்குப் போன் போட்டால், "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று வைத்துவிடுகிறான்.

பூட்டின கார். உள்ளே போகவே முடியாது, மூடியாவது ஓட்டையாவது. எங்களிடம் சின்னச் சின்ன உருளை வைத்த இரும்புத் தட்டுகள் இருக்கின்றன. ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, அடியில் தட்டைத் தள்ளிவிட்டால், சக்கரம் பூட்டியிருந்தாலும் கார் எந்தப் பக்கமும் நகரும். சிமென்ட் தரையில். இங்கே இருந்தது மண். தட்டு புதைந்தது. பெரியவர் ஓடிப்போய் மாட்டுக் கொட்டகைக் கதவைக் கீலோடு கழற்றிக்கொண்டு வந்து போட்டார், பத்தாததற்குப் பக்கத்து வீட்டுத் தகரத்தையும் கேட்டு வாங்கினார். அறுவடைக்கு வந்திருந்த ஆட்கள் எல்லோரும் ஒரு கை பிடித்தார்கள். வியர்வையும் சேறுமாகத் தள்ளித் தள்ளி, கதவு கழற்றிய அந்தக் கொட்டகைக்குள்ளேயே காரைக் குறுக்காக நுழைத்தோம். வேறு இடமில்லை. மிஷின் வயலில் இறங்கியது. தூறல் ஆரம்பிக்கும்போது கடைசி மூட்டை தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது.

நாங்கள் கிளம்பும்போது மகனே அப்பாவுக்குப் போன் செய்தான், விஷயம் தெரிந்ததும் என்னிடம் கொடுக்கச் சொன்னான். காரை வெளியே எடுத்து வேறு எங்காவது விட முடியுமா, மாட்டுக்கொட்டகை வேண்டாமே என்று என்னைக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பெரியவர் போனை வாங்கினார். மாடு காரின் முன்னால் படுத்து அசைபோட ஆரம்பித்திருந்தது.

"அது எழுந்தாதான்டா உன் வண்டி வெளிய வரும், அதுவும் மீட்டிங்ல இருக்குது."

நெமிலி தண்ணீர் பாட்டில்

நெமிலியில் ரைஸ் மில் வைத்திருப்பவர் ஒருவர். "ஸ்டார்ட்டும் ஆவல, கியரும் நகரல, எல்லாம் பாத்துட்டேன், நீ வந்தாதான் ஆவும்" என்றார். பிரேக்கை அழுத்தினீர்களா என்று கேட்டேன். "எனக்கே ஓட்டக் கத்துத் தர்றியா?" என்று எகிறினார். ஆம்பூரிலிருந்து அவ்வளவு தூரம் போனோம். கதவைத் திறந்து குனிந்தால், பிரேக் மிதிக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு போய் முட்டிக்கொண்டிருக்கிறது. பிரேக் முழுசாக அமுங்கினால்தானே வண்டி கேட்கும்? பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காரை ஸ்டார்ட் செய்தேன், கியர் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மில்காரர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி வுடு, வந்தது வந்துட்ட, இந்தத் தண்ணியவாவது குடிச்சிட்டுப் போ."

ஆஸ்பத்திரி வாசல்

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. காலை நேரம். ஆம்புலன்ஸ் வருகிற வழியில் ஒரு கார் நிற்கிறது, எடுத்துப் போங்கள் என்று செக்யூரிட்டி கூப்பிட்டார். போய்ப் பார்த்தோம். கதவு சரியாகச் சாத்தவில்லை, சாவி உள்ளேயே இருக்கிறது, விளக்கெல்லாம் எரிந்து எரிந்து பேட்டரி அடங்கிவிட்டது. செக்யூரிட்டி விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். சாலையில் ஒரு ஆம்புலன்ஸ் சைரனோடு வழி கேட்டு நின்று, பிறகு சுற்றிக்கொண்டு அடுத்த கேட்டுக்குப் போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படி ஒரு இடத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகிற மனிதனை இன்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று நின்றேன்.

மைக்கில் நம்பரைச் சொல்லி அழைத்ததும் ஒருவர் ஓடிவந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு காலில்தான் செருப்பு. தோல் கம்பெனியில் சூப்பர்வைசராம். நான் கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "உக்காந்து பிரேக்க மிதிங்க, நான் கியர எடுக்கறேன்" என்றேன். உட்கார்ந்தார். மூடியை நெம்பிக்கொண்டே அவரைப் பார்க்கிறேன். சட்டையின் கைப்பக்கமெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. அப்போதுதான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சீட் முழுக்க ரத்தம். பாய் அவர் தோளைத் தொட்டு இறக்கிவிட்டு, "நீ மேல போ பேட்டா, வண்டி எங்கயும் போவாது" என்று மகனிடம் சொல்வதுபோலச் சொல்லித் தானே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். காரை எங்கள் இடத்துக்குக் கொண்டுபோய், பாயே பின்சீட்டைக் கழுவினார். என்னைக் கை வைக்க விடவில்லை.

சில நாள் கழித்து அவர் காரை எடுக்க வந்தார். அவர் மனைவிக்குப் பிரசவத்துக்கு முன்பே ரத்தப்போக்கு வந்துவிட்டதாம். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க திட்டினது எதுவுமே என் காதுல வுழலண்ணா, அவ கண்ணு தொறந்தாளான்னு சொல்ல யாரு வர்றாங்கன்னே பாத்துனு இருந்தேன்."

பாயின் கார்

எல்லாம் தெரிந்த மனிதன்கூட அந்த மாதிரிக் கார் வாங்குவானா? தஸ்தகீர் பாய் வாங்கினார். சென்னையில் சொந்தக்காரர் விற்ற பழைய ஆட்டோமேட்டிக். "வேணாம் பாய், நாம படற பேஜார் பத்தாதா?" என்று தலையால் அடித்துக்கொண்டேன். "உனக்குப் பொறாமை" என்றார். ஒரு வாரம் மழைபெய்தாலும் வெயிலடித்தாலும் அதைத் துடைத்துத் துடைத்து நின்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. குரலைக் கனமாக்கிக்கொண்டு ஒருவர், "வணக்கம் சார், மசூதி சந்துல ஒரு வண்டி நிக்குது. பேட்டரி இல்ல. அந்த சின்ன மூடியும் ஒடைஞ்சி ஓட்டைக்குள்ள மாட்டிக்கிச்சி" என்றார். மூடியைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சொல்லும் கஸ்டமர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. "உங்க பேரு என்ன சார்?" என்று கேட்டேன். பின்னால் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களின் பைக் ஹாரன்கள் மட்டும் கேட்டன. "இது யார் வண்டி, யார் வண்டி?" என்று யாரோ கத்துவதும் கேட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கைபிரேக் போட்டீங்களா சார்? சக்கரத்துக்குக் கல்லு வெச்சீங்களா சார்?" என்று வரிசையாகக் கேட்டேன். எதிர்முனையில் குரல் உடைந்து பாயின் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"அரே தோஸ்த், கேள்வி அப்புறம் கேளு, நம்ம வண்டி மேல எழுதியிருக்கற பேர துணி போட்டு மூடிக்கினு சீக்கிரம் வா!"

பார்க்கிங்கில் பூட்டிக்கொண்ட காரை எடுக்க எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடுகிறது, அதன் சொந்தக்காரரை நியூட்ரலுக்குக் கொண்டுவரும் ஓட்டைதான் எங்கே இருக்கிறதென்று எந்தப் புத்தகத்திலும் படம் போடவில்லை.